முப்பது ஞாயிற்றுக்கிழமைகள்

கும்மிடிப்பூண்டி,
ஜனவரி 19.

அன்பு சுகிர்தாவுக்கு,

பத்து நாள் ஆலோசனைக்குப் பிறகு, நம் வீட்டு நீல பிளாஸ்டிக் நாற்காலியை வாசலின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றுவது என்று முடிவு செய்து, நேற்று ஞாயிறு மாலை நான்கு ஐம்பதுக்கு அதை நிறைவேற்றினேன். ஆலோசனைக் குழுவில் நான் ஒருவனே இருந்ததால் கருத்து வேறுபாடு அதிகம். இடது பக்கத்தில் நிழல் உண்டு. சிப்காட் லாரிகளின் தூசி கொஞ்சம் குறைவு. இருபது வருடப் பழக்கம் வேறு. வலது பக்கத்தில் இவை எதுவும் கிடையாது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் நம் லைன் வீடுகளின் பொதுக் குழாயும் அதைச் சுற்றிய சிமெண்டுத் தரையும் மறைவில்லாமல் தெரியும். குழந்தை இருப்பது குழாயடியில். எனவே வலது பக்கம் வென்றது.

எதிர் வீட்டு ஜோதிலட்சுமி, "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவரு மாரி நோட்டும் பேனாவுமா குந்தினுகீறீங்க?" என்று கேட்டாள். பல்கலைக்கழக ஆய்வு என்றேன். "டீச்சர் படிக்கப் போச்சி, சார் பரீட்ச எழுதினுகீறாரு" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு உள்ளே போனாள். கேலிதான். இருந்தாலும் நம் நிலைமையை இவ்வளவு சுருக்கமாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் நலம். விடுதிச் சாப்பாட்டைத் தாண்டி நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்டிருந்தாய். போனில் நாம் 'சாப்டியா' என்று ஆரம்பித்து 'சரி, வெச்சிடறேன்' என்று முடிக்கிறோம். நடுவில் சொல்ல வேண்டியதெல்லாம் வைத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. மேலும், நடுவில் நீ ஆறுதல் சொல்ல முடியாது.

உன் பேராசிரியை கொடுத்த விதித்தாளைக் கோயில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒரே குழந்தை, முப்பது வாரம், ஞாயிறு தோறும் இருபது நிமிடம். ஒரு வாரம் விட்டாலும் முதலிலிருந்து. முதல் பன்னிரண்டு வாரத்தை நீயே பார்த்து எழுதிவிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கடைசிப் பருவத்துக்காக விடுதிக்குப் போனாய். மீதிப் பதினெட்டு வாரத்துக்கு நான் 'உடன் பார்வையாளர்'. நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த பதவி உயர்வு. ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை.

விதிகள் நான்கு. கண்டதை மட்டும் எழுத வேண்டும். குழந்தையின் பெயரை எழுதக் கூடாது. 'சந்தோஷமாக', 'சோகமாக' என்று கருத்துச் சொல்லக் கூடாது. சிரித்தது என்றால் சிரித்தது, அவ்வளவுதான். தலையிடக் கூடாது, பார்வையாளர் தலையிட்ட நாள் கணக்கில் சேராது. இந்த நான்கையும் கல்யாணமான புதிதில் யாராவது என்னிடம் கொடுத்திருந்தால் உன் அண்ணனோடு எனக்கு மனஸ்தாபமே வந்திருக்காது.

நான் அனுப்பிய முதல் மூன்று வாரத்தை நீ திருப்பி அனுப்பியது கிடைத்தது. தவறு என்னுடையதுதான். இருபத்தாறு வருடமாகக் கம்பி ஆலையில் விட்டம் அளந்து, சரியாக இருந்தால் பச்சை முத்திரை, இல்லாவிட்டால் சிவப்பு முத்திரை குத்துகிறவனுக்கு ஒரு தாளை அப்படியே விட மனம் வராது. குழந்தை செருப்பைக் கால் மாற்றிப் போட்டதற்கு சிவப்பு முத்திரை குத்தியிருக்க வேண்டாம். "நீங்க பாக்குறது கொழந்தைய, கம்பிய இல்ல" என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். திருத்தி எழுதி இணைத்திருக்கிறேன். பதினாறாவது வாரத்தையும் கீழே தருகிறேன். முத்திரை இல்லை.

"மாலை ஐந்து மணி. குழாயடி. இரண்டு டம்ளர். குழந்தை பெரிய டம்ளரிலிருந்து சின்ன டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றியது. வழிந்தது. வழிந்ததைப் பார்த்தது. மறுபடி ஊற்றியது. வழிந்தது. இப்படிப் பதினோரு முறை. பன்னிரண்டாவது முறை பாதியில் நிறுத்தியது. வழியவில்லை. குழந்தை சுற்றிலும் பார்த்தது. யாரும் இல்லை."

நான் இருந்தேன். ஆனால் விதிப்படி நான் இல்லை.

பெயர் எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை. பிங்கி நன்றாக இருக்கிறாள். அவளுடைய அப்பா சந்தோஷ் எங்கள் ஆலையிலேயே உலைப் பகுதியில் ஒப்பந்த வேலையில் தொடர்கிறான். அம்மா பசந்திக்கு மே மாதம் பிரசவம். உன் சம்மதப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, நான் நோட்டை எடுத்தாலே பசந்தி குழந்தைக்குத் தலை வாரி அனுப்புகிறாள். இது இயற்கையான சூழலா என்று உன் பேராசிரியையைக் கேட்டுச் சொல். ஒடியாவில் பேசும் வீட்டுக் குழந்தை தமிழ்த் தெருவில் எப்படிப் பேச்சைத் தொடங்குகிறது என்பது உன் ஆய்வு. இதுவரை அது தெருவில் ஒரு மொழியிலும் பேசவில்லை.

நீ விட்டுப்போன பாடப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம் பங்குக் கோயில் பாலர் பள்ளியில் நீ இருபத்தொரு வருடமாகச் செய்த எல்லாவற்றுக்கும் அதில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆலை கேன்டீனிலிருந்து நான் சோடா மூடி பொறுக்கி வருவேன், கை கிழிக்காமல் விளிம்பை அரத்தால் ராவுவேன், பிள்ளைகள் அதை நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். அது 'நுண்தசை வளர்ச்சி'யாம். மணலில் உட்கார வைத்துவிட்டு நீ வருகைப் பதிவேடு எழுதுவாயே, அது 'புலன்வழிக் கற்றல்'. இரண்டு குழந்தைகள் அருகருகே உட்கார்ந்து, ஒன்றோடொன்று பேசாமல், தனித்தனியாக விளையாடுவதற்கு 'இணை விளையாட்டு' என்று பெயர். நம் கல்யாணத்தின் முதல் ஆறு மாதத்துக்கு இப்போதுதான் பெயர் கிடைத்தது.

நாற்காலியில் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தால் பழசெல்லாம் வருகிறது. நான் முதன்முதலில் பாலர் பள்ளிக்கு வந்தது வாசல் கேட்டின் தாழ்ப்பாளைச் சரிசெய்ய. பங்குத் தந்தை அனுப்பினார். ஐந்து நிமிட வேலை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், சாப்பிட மறுத்த ஒரு வாண்டுக்கு நீ சோற்றை உருண்டை உருண்டையாக உருட்டி, தட்டில் வரிசையாக வைத்து, மின்சார ரயில் என்றாய். "மீஞ்சூர் வந்தாச்சி, ஒரு பெட்டி எறங்கு" என்றதும் அது வாயைத் திறந்தது. பொன்னேரி, கவரப்பேட்டை என்று எல்லா ஸ்டேஷனிலும் ஒரு பெட்டி இறங்கி, தட்டு காலியாகும் வரை நான் தாழ்ப்பாளைச் சரிசெய்தேன். அதுதான் என் முதல் இருபது நிமிடம். அப்போது விதி எதுவும் இல்லாததால் அடுத்த மாதம் தலையிட்டேன்.

பள்ளிச் செய்தி. பட்டம் இருந்தால்தான் ஜூன் முதல் வகுப்பு என்று தாளாளர் அந்தோணி சார் உன்னிடம் சொன்னதில் மாற்றம் இல்லை. உன் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறாராம், ஜூன் வரை. அதுவரை தற்காலிகமாக வந்திருக்கும் பொன்னேரிப் பெண் அருணா நன்றாக நடத்துகிறாள் என்று கேள்வி. குறை ஏதாவது கிடைக்குமா என்று நேரில் போய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். உனக்கும் அப்படித்தான் சுற்றினார்கள் என்பதால் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வகுப்பில் உன்னைவிட இருபது வயது சின்னப் பெண்கள் அக்கா என்று கூப்பிட்டால் கோபப்படாதே. மேடம் என்று கூப்பிட்டால் கோபப்படு.

என்றும் உன்,
சாலமோன்.


கும்மிடிப்பூண்டி,
மார்ச் 10.

அன்பு சுகிர்தாவுக்கு,

இருபத்துமூன்று வாரம் முடிந்தது. இன்னும் ஏழு. ஏப்ரல் இருபத்தாறு கடைசி ஞாயிறு. தவக்காலம் என்பதால் மீன் இல்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் நல்ல செய்தி. இருபத்திரண்டாவது வாரம் குழந்தை குழாயைத் திறந்தது. காற்று மட்டும் வந்தது. குழந்தை இடுப்பில் கை வைத்து, "தண்ணி வர்ல" என்றது. முதல் தமிழ். உச்சரிப்பு, இடுப்பில் கை வைத்த கோணம் இரண்டும் ஜோதிலட்சுமியுடையவை. நான் இதை அவளிடம் சொல்லப் போக, "இந்தக் கொயாகிட்ட வேற இன்னாத்த சார் சொல்லும்? நாம தெனிக்கும் அத்தானே சொல்லிக்கினுகீறோம்" என்றாள். உன் ஆய்வேட்டின் முடிவுரையை அவளிடமே கொடுத்துவிடலாம்.

போன ஞாயிறு நடந்ததை எப்படிப் பதிவு செய்வது என்று தெரியவில்லை. கண்டதை எழுதுகிறேன். "குழந்தை ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தது. மடியில் ஒரு அட்டை. கையில் குச்சி. நிமிர்ந்து பார்வையாளரைப் பார்த்தது. அட்டையில் குச்சியால் கோடு போட்டது. மறுபடி பார்த்தது. மறுபடி கோடு போட்டது. பதினெட்டு நிமிடம்." அட்டையில் என்னைப் பற்றி என்ன எழுதியது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் ஒரே இடத்தில் அசையாமல் உட்காரும் ஒரு ஆளைப் பற்றி நியாயமாக என்ன எழுத முடியும்?

இனி மற்றச் செய்தி. ஆலையில் பெரிய உலையைப் பழுது பார்க்க நிறுத்துகிறார்கள். ஒப்பந்த ஆட்கள் பன்னிரண்டு பேரை நெல்லூர்ப் பக்கம் வேறொரு வேலைக்கு மாற்றுகிறார்கள். நான்கு பேர் மட்டும் இங்கே பழுதுபார்ப்புக்கு இருப்பார்கள். பட்டியலில் சந்தோஷ் பெயர் பன்னிரண்டில் இருந்தது. அவன் போனால் குடும்பமும் போகும். குழந்தை போனால் உன் முப்பது வாரமும் போகும். முப்பது இல்லாமல் மே மாதம் நேர்முகத் தேர்வு கிடையாது, ஜூனில் பட்டம் கிடையாது. இதை எழுதவே எனக்குக் கை வலிக்கிறது என்றால் நீ எப்படிப் படிப்பாய்? ஆனால் பயப்படாதே. முடித்துவிட்டேன்.

அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்வது யார் தெரியுமா? உன் முதல் வருடத்துப் பிள்ளை தணிகாசலம். ஒரு மாதம் முழுக்கப் பள்ளி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதானே, அவன்தான். இப்போது இருபத்தைந்து வயது, தன் மாமாவின் ஆட்களையெல்லாம் இவன்தான் மேய்க்கிறான். அதே கேட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். போய்ச் சொன்னேன். "டீச்சர் படிக்குதா? இன்னா சார் சொல்றீங்க, நான் படிப்ப வுட்டு பத்து வருசம் ஆவுது, டீச்சர் இப்ப படிக்குதா?" என்று ஆச்சரியப்பட்டான். பிறகு, "டீச்சருக்கோசரம் இது கூட செய்யலன்னா எப்டி சார்? அந்தாள இங்கியே போட்டுட்றேன். ஏப்ரல் முப்பது வரைக்கும் எங்கியும் வுட மாட்டேன்" என்றான்.

விதி குழந்தையின் விஷயத்தில் தலையிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும். மார்ச் கடைசியில் பசந்தியைப் பிரசவத்துக்கு ஒடிசாவில், பாலசோரில் உள்ள அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக சந்தோஷ் லீவு சொல்லி வைத்திருந்தானாம். பழுதுபார்ப்பில் இருக்கும் நான்கு பேருக்கும் ஏப்ரல் முடியும் வரை லீவு இல்லை. பிரசவம் மே இருபதுக்கு மேல்தான். ஏப்ரல் முப்பதுக்குப் பிறகு ரயில் ஏறினாலும் போதுமான நாள் இருக்கிறது. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். காலண்டரில் இடம் இருக்கிறது.

நேற்று வேலை முடிந்து பாலர் பள்ளி வழியாக வந்தேன். நாம் போட்ட ஏறுகம்பிச் சட்டம் அப்படியே நிற்கிறது. விட்டம் அரை மில்லிமீட்டர் கூடுதல் என்று நானே சிவப்பு முத்திரை குத்திய கம்பிகள். மேலாளரிடம் கேட்டு வாங்கி, வெல்டிங் வைத்து, முனையெல்லாம் மழுக்கி, பச்சை பெயிண்ட் அடித்தேன். பிள்ளைகள் ஏறும் முன் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றாய். எல்லோரும் போன பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீயே உச்சி வரை ஏறினாய். ஏறியதும் இறங்கத் தெரியவில்லை. நான் ஏணி தேடிக்கொண்டு வந்தபோது அங்கேயே உட்கார்ந்து கூடூர் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ரயில் முழுக்கப் போகும் வரை ஏணியை வைக்காதீங்க என்றாய். நீளமான சரக்கு ரயிலாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பயிற்சிப் பள்ளியில் கைப்பொம்மை வைத்துக் கதை சொல்லும்போது உன் பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாராமே. இருபத்தொரு வருடப் பட்டப்படிப்பு என்று அவரிடம் சொல்லியிருக்கலாம்.

என்றும் உன்,
சாலமோன்.


கும்மிடிப்பூண்டி,
ஏப்ரல் 22.

அன்பு சுகிர்தாவுக்கு,

போனில் பாதி சொன்னேன். மீதி இது.

பசந்திக்கு மே மாதம் வர வேண்டிய வலி ஏப்ரல் எட்டாம் தேதி காலையில் வந்தது. ஈஸ்டர் முடிந்து மூன்றாம் நாள். ஜோதிலட்சுமிதான் நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போனது. சந்தோஷ் கூடப் போனான். வண்டியின் கதவைச் சாத்தும்போது குழந்தையை என் கையில் கொடுத்தான். கொடுப்பதற்கு வேறு ஆள் இல்லை. அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் நெல்லூர்ப் பக்கம் இருந்தார்கள். அவளுடைய அம்மா பாலசோரில் இருந்தாள். அவர்கள் ஏன் இங்கே இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும்.

பையன். எடை குறைவு. ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது நலம்.

அந்த ஐந்து நாளும் பிங்கி நம் வீட்டில் இருந்தாள். இருபது வருடத்தில் நம் வீட்டில் ஒரு குழந்தை தங்கியது இதுதான் முதல் முறை. ஆலைக்கு லீவு சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்றேன். இருபத்தாறு வருடமாக என்னைத் தெரிந்தவர்கள் என்பதால் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் நாள் அவள் எதுவும் சாப்பிடவில்லை. இட்லி, ரொட்டி, பால் எதுவும் இல்லை. அழவும் இல்லை, கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் புத்தகங்களில் தேடினேன். பிரிவுத் துயரம் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. முப்பத்திரண்டு பக்கம். ஒரு பக்கத்தில்கூட என்ன சாப்பிடக் கொடுப்பது என்று இல்லை. சாயங்காலம் சோறு வடித்து, பருப்பு போட்டுப் பிசைந்து, உருட்டி வரிசையாக வைத்தேன். என் உருண்டைகள் ஒன்றுபோல் இருக்கவில்லை, விட்டம் சரியில்லை. "மீஞ்சூர் வந்தாச்சி" என்றேன். குரல் சரியாக வரவில்லை. என்னையே பார்த்தாள். ஜன்னல் பக்கம் ஜோதிலட்சுமி நின்றிருந்தாள், அதையும் கவனிக்காமல் ரயில் மாதிரி ஊதினேன். பொன்னேரியில் வாயைத் திறந்தாள். பிறகு எல்லா ஸ்டேஷனிலும்.

மறுநாள் ஜோதிலட்சுமி குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்துவந்து கொடுக்கும்போது, "டீச்சர் கத்துக் குடுத்துச்சா, நீங்களே கத்துக்கினீங்களா சார்?" என்றாள். பார்த்துக் கற்றுக்கொண்டது என்றேன்.

ஏப்ரல் பன்னிரண்டு, இருபத்தெட்டாவது வாரம். நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். குழந்தை வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. இருபது நிமிடமும் அங்கேயே இருந்தது. அதை எப்படி எழுதுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று என்னிடம் யார் சொன்னாலும் அந்தக் கட்டுக் கம்பியை நான் இரண்டு முறை அளப்பேன்.

மறுநாள் தணிகாசலம் போன் செய்தான். "சார், அந்தாளு ஊருக்குப் போவ லீவு கேக்குறான். கொயந்த பொறந்திச்சாம். நீங்க முப்பது வரைக்கும்னு சொன்னீங்க. இன்னா பண்ணட்டும்? டீச்சர் வேல முடிஞ்சிச்சா?" என்றான். இன்னும் இரண்டே ஞாயிறு. இரண்டு ஞாயிறு அவர்கள் இருந்தால், இருபத்தெட்டைக் கொஞ்சம் சரிக்கட்டினால், முப்பது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உடனே 'விடு' என்று சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று மதியம் கஞ்சியையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு பொன்னேரி போனேன். வார்டு வாசலில் சந்தோஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெல்லூர் போகாமல் அவனை இங்கே நிறுத்தியது நான்தான், லீவு இல்லாமல் போனது அதனால்தான் என்று. அவன், "பரவால்ல அண்ணா. நெல்லூர் போனவங்களுக்கு இன்னும் வேலையே ஆரம்பிக்கல. எனக்கு இங்க வேலை இருந்துச்சு" என்றான். எனக்கு நன்றி சொல்லி முடிக்கப் போகிறான் என்று பயந்தேன். கட்டிலில் இருந்த பசந்தி துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "டீச்சர் பேப்பர்ல சைன் போட்டேன் அண்ணா. ஊருக்குப் போகாதேன்னு அதுல இல்ல" என்றாள். கோபமாகச் சொன்னாள் என்று எழுதினால் அது கருத்து. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

அதன் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ கேட்டது இரண்டே கேள்வி. "புள்ள சாப்ட்டுச்சா?" என்றாய். "அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி?" என்றாய். சொன்னேன். பிறகு, "அனுப்பச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க" என்று வைத்துவிட்டாய். சாப்பிட்டீர்களா என்று நீ கேட்காமல் வைத்த முதல் போன்.

ஒன்றை இப்போதாவது நாம் பேசிக்கொள்ள வேண்டும். மார்ச்சில் தணிகாசலத்தைப் பார்த்தது பற்றி எழுதினேன். உன் பதிலில் விடுதிக் குரங்கு பற்றி ஒரு பக்கம் இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் செய்தீர்கள் என்றும் இல்லை, நல்லது என்றும் இல்லை. நீயும் காலண்டரில் எண்ணிப் பார்த்திருப்பாய். எட்டு மாதக் கர்ப்பிணியைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குற்றம் சொல்ல எழுதவில்லை. தனியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் அவர்கள் கிளம்பினார்கள். சென்ட்ரல் வரைக்கும் மின்சார ரயில், அங்கிருந்து ஊர் வண்டி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மூட்டைகளை ஏற்றிவிட்டேன். நான் கண்டதை எழுதுகிறேன். இது எந்த வாரத்திலும் சேராது. "குழந்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது. தம்பியின் துணியை ஒரு விரலால் தொட்டது. வெளியே பார்வையாளரைப் பார்த்தது. பக்கத்து இடத்தைக் கையால் தட்டியது. 'வா' என்றது. ரயில் நகர்ந்தது. 'வா' என்றது."

இருபத்தெட்டாவது வாரத் தாளை இணைத்திருக்கிறேன். பார்வையாளரின் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது என்றே எழுதியிருக்கிறேன். போன ஞாயிறு நோட்டைத் திறக்கவில்லை. ஆகவே இருபத்தேழு.

நீ கடைசியாகப் போனில், "எல்லாத்தையும் வுட்டுட்டு வந்துடறேங்க" என்றாய். வராதே. மே மாத எழுத்துத் தேர்வு ஐந்தையும் எழுது. எழுதிவிட்டு வா. மழை தொடங்கும் முன் புதிதாக ஒரு குழந்தையைப் பார்க்கலாம். இந்தத் தெருவில் எந்தக் குழந்தையும் முப்பது வாரம் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்காது. நாமும் கேட்க வேண்டாம். இருக்கிற வரை பார்ப்போம். போனால் அடுத்ததைப் பார்ப்போம். எனக்கு இனி ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேறு வேலை கிடையாது.

இருபது வருடம் உன்னைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்ததில்லை என்று பெருமை பேசியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் இரண்டு செய்துவிட்டேன். ஒன்று மேலே சொன்னது. மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டையும் மன்னித்து, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, நிதானமாகத் தேர்வை எழுது. ஒவ்வொரு தாளின் போதும் இங்கே கோயிலில் உனக்காக மெழுகுவர்த்தி எரியும். இறைவன் உன் கையைப் பிடித்திருப்பாராக.

என்றும் உன்,
சாலமோன்.

பி.கு.: நேற்று அந்தோணி சாரைப் பார்த்து, ஜூனில் உனக்குப் பட்டம் வராது, அடுத்த வருடம் ஆகும் என்று சொன்னேன். இன்று காலை உன் இடத்தில் அருணாவுக்கு நிரந்தரப் பணி ஆணை கொடுத்தார்கள்.